காலைத் தேநீர் குடிக்காத டீமேக்கர்

பாதிக் கஞ்சியைக் குடித்து முடித்த பிறகுதான், தான் குடித்தது சாட்சிப் பொருள் என்று விஜிதரனுக்குத் தெரிந்தது.

"அதுலதான் விஷம் கலந்திருக்குன்னு சொல்ல வந்தேன்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஐவி அம்மா.

விஜிதரன் பிளாஸ்க் மூடியை மெதுவாக மேசையில் வைத்தான். ஹட்டன் கடைத்தெருவில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். கீழேயிருந்து மாலுபாண் என்னும் மீன் பணிஸின் வாசனை ஏறி வரும் நேரத்தில், யாராவது மேசையில் பிளாஸ்க்கைத் திறந்து வைத்தால், அது தனக்குத்தான் என்று நினைப்பது அவன் வழக்கம்.

"ருசி எப்படி, விஜி?" என்று கேட்டாள் றொசானா. பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். பிள்ளைகளை விடப் பெரியவர்கள்தான் அதிகமாகப் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்து, வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். விஜிதரன் அவளுக்கு ஓட்டோ சாரதியும் உதவியாளனும்.

"உப்புக் கம்மி, மிஸ். மத்தபடி குறை சொல்ல முடியாது. செத்தா சொல்றேன்."

"உப்புக் கம்மின்னு எழுதிக்க." றொசானா ஐவி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க அக்கா."

ஐவி அம்மா லிந்துலை தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி யேசுரட்ணம், பக்கத்துத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர். இருபத்தாறு நாளைக்கு முன்னால் பனி மூட்டத்தில் அவருடைய வேன் வளைவில் வழுக்கி மண்மேட்டில் மோதியது. ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை; கழுத்துச் சுளுக்குக்கு மட்டும் பட்டை மாட்டினார்கள். ஆனால் இதயம் அடிபட்டுக் கன்றிப்போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

"முதல் பத்து நாள் தேறிக்கிட்டு வந்தான். நர்சம்மாவோட சிரிச்சுப் பேசினான். பதினோராம் நாள் அவன் பொண்டாட்டி கஞ்சி கொண்டாந்து ஊட்ட ஆரம்பிச்சா. அன்னையிலேருந்து எறங்குமுகம். கையெல்லாம் ஐஸ் மாதிரி. மூஞ்சி வீங்கிக் கெடக்கு. நாடி நாப்பதுக்கு மேல போக மாட்டேங்குது. கூப்பிட்டா கண்ணைத் தெறந்து பார்த்துட்டு மறுபடி தூங்கிடறான். இதயம் பாதி வேலைதான் செய்யுதாம். கொழும்புக்கு அனுப்பலாம்னா, அவ்வளவு தூரம் தாங்குவானான்னு டாக்டரே யோசிக்கிறாங்க."

"பொண்டாட்டி யாருங்க?" என்றான் விஜிதரன், தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே.

"லோஜினின்னு ஒருத்தி. வட்டவளைக்காரி. மொத பொண்டாட்டி செத்து அஞ்சு வருஷம் கழிச்சுக் கட்டிக்கிட்டான். நாலு வருஷமாச்சு. நம்ம வேதமும் இல்ல, நம்ம பழக்கமும் இல்ல." ஐவி அம்மா கைப்பையைப் பூட்டினார். "இன்னைக்குக் காலைல ஆஸ்பத்திரி வாட்டு வாசல்லயே அவ கையிலேருந்து இந்த பிளாஸ்க்கைப் புடுங்கிட்டு வந்தேன். நாலு மணிக்கு நோயாளி பார்க்கிற நேரம். அதுக்குள்ள நீங்க ஒரு முடிவு சொல்லுங்க. இல்லாட்டி நான் பொலிஸுக்குப் போறேன்."

அவர் படியிறங்கிப் போனதும் றொசானா பிளாஸ்க்கை முகர்ந்து பார்த்தாள்.

"இதயம் பலவீனமானவங்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வாங்க. இந்தக் கஞ்சியில அதைச் செஞ்சிருக்கு. விஷம் வைக்கிறவ டாக்டர் சொன்னபடி உப்பு அளந்து போடுவாளா?"

"கவனமான கொலைகாரியா இருந்தா போடுவா, மிஸ்."

"நீ உசிரோட இருக்கும்போதே அவளைப் பார்த்துட்டு வந்துடலாம். ஓட்டோவை எடு."

டீமேக்கரின் குவாட்டர்ஸ் தொழிற்சாலைக்கு மேலே, தேயிலை மலையின் விளிம்பில் இருந்தது. கதவைத் திறந்த லோஜினிக்கு நாற்பத்து நாலு வயதிருக்கும். கண் வீங்கியிருந்தது. அடுப்பில் மறுபடியும் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"மதியத்துக்கு," என்றாள், அவர்கள் அடுப்பைப் பார்த்ததைப் பார்த்து. "உள்ளுக்கு விடமாட்டாங்கதான். இருந்தாலும் வைக்காம இருக்க முடியலைங்க."

வந்தவர்களுக்குத் தேநீர் போட்டாள். றொசானா ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். விஜிதரன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு ஆபத்து போதும் என்று ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான்.

"உங்க வீட்டுக்காரரோட காலை நேரத்தைச் சொல்லுங்க. எழும்பினதுலேருந்து," என்றாள் றொசானா.

"அஞ்சு மணிக்கு எழும்புவாரு. செம்புல தண்ணி எடுத்துக்கிட்டு நேரா வேனுக்குப் போவாரு."

"வேனுக்கா?"

"ஜெபமாலை வேன்லதான் இருக்கு. உக்காந்து சொல்லிட்டு, தண்ணி குடிச்சுட்டு வருவாரு."

"எவ்வளவு நேரம் சொல்வாரு?"

"ரெண்டு நிமிஷம்ங்க. நான் அடுப்புப் பத்த வச்சுத் திரும்புறதுக்குள்ள வந்துடுவாரு."

றொசானா கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்புறம் தேநீரா?"

"அதுதான் இல்ல. ஆறு மணி வரைக்கும் டீ பேச்சே எடுக்கக்கூடாது. நான் கல்யாணமான புதுசுல போட்டுக் கொடுத்தேன். ஆற வச்சுட்டாரு. டேஸ்ட் பாக்கிற நாக்கு, காலைல சுத்தமா இருக்கணும்னு சொன்னாரு."

"ஞாயித்துக்கிழமையும் இப்படித்தானா?"

லோஜினி யோசித்தாள். "ஆமாங்க. ஞாயித்துக்கிழமையும்."

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. மடு மாதா திருவிழாவில் எடுத்தது. ஆவணி மாதத்து மன்னார் வெயிலில் எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டிருக்க, யேசுரட்ணம் மட்டும் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டி, மேலே ஒரு கைக்குட்டையும் சுற்றியிருந்தார். றொசானா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். லோஜினி அடுப்பைப் பார்க்கப் போனவள் அந்தப் படம் இருந்த பக்கமே திரும்பவில்லை.

"ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப வேற மருந்து எடுக்கிறாரான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நான் கட்டிலுக்குப் பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணும் இல்லன்னு அவரே சொன்னாரு."

"அந்த வேன் இப்ப எங்க?"

"தலவாக்கலையில, அழகன் கராஜ்ல."

ஓட்டோ இறக்கத்தில் இறங்கும்போது றொசானா தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். யேசுரட்ணத்தின் கீழ் வேலை பார்க்கும் முத்துலிங்கம் எடுத்தார்.

"நாக்கு சுத்தமா வச்சிருப்பாரா?" அவர் சிரித்தது விஜிதரனுக்கே கேட்டது. "டேஸ்ட் பாக்கிறது பத்து மணிக்குங்க. அவரு ஆறரைக்கு வந்ததும் வராததுமா ரெண்டு கப் பிளேன்டீ, எட்டு மணிக்கு இன்னொண்ணு. பொடிச் சம்பலோட ரொட்டியும் சாப்பிடுவாரு. அந்த நாக்குலதான் நாங்க தேயிலையை ஏலத்துக்கு அனுப்புறோம்."

றொசானா போனை வைத்தாள். "ஒரு ஜெபமாலை சொல்ல எனக்கு இருபது நிமிஷம் ஆகும் விஜி. எங்க பங்குச் சாமியாருக்கே பதினஞ்சு ஆகும். இந்த மனுஷன் ரெண்டு நிமிஷத்துல முடிக்கிறாரு. லோஜினி மாரியம்மன் கோயிலுக்குப் போறவ. ஜெபமாலைக்கு எவ்வளவு நேரம்னு அவளுக்குத் தெரியாது. அதனால சந்தேகம் வரல."

"சுருக்கமான ஜெபமாலையா இருக்கும், மிஸ்."

"தண்ணிச் செம்போட போறாரு. திரும்பி வந்து ஒரு மணி நேரம் தேநீர் குடிக்க மாட்டேங்கிறாரு. நல்லா யோசி. இந்த மலையில தேநீரைத் தள்ளி வைக்கச் சொல்லி யாருக்குச் சொல்றாங்க?"

விஜிதரன் யோசித்தான். அவன் மனைவி பிரியந்தி மூத்தவளைச் சுமந்தபோது, மருத்துவிச்சி தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சொன்னது ஞாபகம் வந்தது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் உடனே தேநீர் குடிக்கக்கூடாது, குடித்தால் மாத்திரை உடம்பில் சேராது.

"புள்ளத்தாச்சிங்களுக்கு." அவன் ஓட்டோவின் வேகத்தைக் குறைத்தான். "அப்ப டீமேக்கர் ஐயா மாசமா இருக்காருங்கிறீங்களா?"

"மாத்திரை போடுறாருங்கிறேன். பொண்டாட்டிக்குத் தெரியாம, தினமும், வெறும் வயித்துல. அது வேன்ல இருக்கு. வேன் கராஜ்ல இருக்கு. அவரு இருபத்தாறு நாளா ஆஸ்பத்திரியில இருக்காரு." றொசானா சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவருக்கு யாரும் எதையும் கொடுக்கல, விஜி. கொடுக்க வேண்டியது ஒண்ணு நின்னு போச்சு. வேகமா ஓட்டு."

அழகனின் கராஜில் வேன் மூக்கு நசுங்கி நின்றது. றொசானா டாஷ்போர்டைத் திறந்தாள். ஒரு டோர்ச், இரண்டு பழைய ரசீது, வேறொன்றும் இல்லை.

"இதுல ஒரு ஜெபமாலைப் பெட்டி இருந்திருக்கணுமே, தம்பி?"

அழகன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சுவரைக் காட்டினான். பிள்ளையார், முருகன், லட்சுமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தட்டு. அதில் மாதா படம் ஒட்டிய நீலத் தகரப் பெட்டி. முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"சாமிப் பெட்டியை எண்ணெய்க் கைகளுக்கு நடுவுல போட்டு வைக்கலாமாங்க? அதான் அங்க வச்சேன். தெனமும் சாம்பிராணி காட்டுறேன். அது வந்ததுலேருந்து வேலை நல்லா வருது."

விஜிதரன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியை எடுத்து றொசானாவிடம் கொடுத்தான். உள்ளே ஜெபமாலை இல்லை. பாதி பிரித்த மாத்திரை அட்டைகள் மூன்று இருந்தன. அடியில் நாலாக மடித்த ஒரு கிளினிக் அட்டை. கண்டியில் ஒரு மருத்துவ நிலையத்துடையது. ஏழு வருஷத்துக்கு முந்திய தேதி.

றொசானா வாசித்தாள். "தைராய்டு சுரப்பி முழுதாக அகற்றப்பட்டது. தைரொக்சின், தினமும், வாழ்நாள் முழுக்க. வெறும் வயிற்றில். ஒரு மணி நேரத்துக்குத் தேநீர் வேண்டாம்."

"மூணு வாரமா தைரொக்சினுக்குச் சாம்பிராணி காட்டியிருக்கீங்க, அண்ணே," என்றான் விஜிதரன் அழகனிடம். அழகன் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கீழே ஒரு நம்பர் இருக்கு," என்றாள் றொசானா. "அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய உறவினர். பேர் எழுதல. நீ போடு. ஆப்பரேஷனைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. டாக்டர் அவரை விசாரிக்கணும்னு சொல்வாங்க."

விஜிதரன் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினான். கடைசி எண்ணை அழுத்தியதும் போன் திரையில் ஒரு பெயர் தானாக எழுந்தது. அது அவனே இன்று காலையில் சேமித்த பெயர்.

கேஸ் குடுத்த அம்மா.

அவன் திரையை றொசானாவின் பக்கம் திருப்பினான்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நாலு மணியாவதற்குக் கால் மணி நேரம் இருந்தது. வாட்டுக்கு வெளியே நீள வாங்கில் ஒரு முனையில் ஐவி அம்மாவும் மறு முனையில் லோஜினியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாலு பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை.

றொசானா அவர்களைத் தாண்டி நேராக டாக்டரின் அறைக்குள் போய், பெட்டியை மேசையில் வைத்தாள். டாக்டர் சுதர்ஷினி அட்டையை ஒரு தடவை வாசித்தார். எழுந்து கட்டிலுக்குப் போனார். விபத்தன்று மாட்டிய கழுத்துப் பட்டையை மெதுவாகத் தளர்த்தினார். தொண்டைக்குக் கீழே, தோல் மடிப்போடு மடிப்பாக, மெல்லிய கோடு ஒன்று ஓடியது.

"ரத்தம் எடுங்க. தைராய்டு பார்க்கணும். இன்னைக்கே அனுப்புங்க," என்றார் நர்சிடம். பிறகு வெளியே வந்தார்.

"உங்கள்ல யாருக்கு ஆப்பரேஷன் விஷயம் தெரியும்?"

ஐவி அம்மா நீலப் பெட்டியைப் பார்த்தார். முகத்திலிருந்து நிறம் இறங்கியது.

"நான்தான் கண்டிக்குக் கூட்டிட்டுப் போனேன்," என்றார். "கழுத்துல கட்டி. எடுத்தாச்சு, புத்துநோய் இல்லன்னு சொல்லிட்டாங்க. லயத்துல தெரிஞ்சா புத்துநோய்னே பேசுவாங்கன்னு, அம்மா கல்லறையில வச்சு என்கிட்ட சத்தியம் வாங்கினான். கல்யாணம் பேசின தரகர்கிட்ட நோய் நொடி இல்லாத ஆளுன்னு நான்தான் சொன்னேன். கட்டியை எடுத்தா கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன், டாக்டர். மாத்திரையை எல்லாம் எப்பவோ நிறுத்தியிருப்பான்னு நெனச்சேன்."

"அது நிறுத்துற மாத்திரை இல்ல," என்றார் டாக்டர். "தைராய்டு இல்லாத உடம்புக்கு அதுதான் தைராய்டு. உள்ள மிச்சமிருந்தது கொஞ்ச நாள் தாங்கியிருக்கு. அதான் முதல் பத்து நாள் தேறின மாதிரி இருந்தாரு. அது குறையக் குறைய இதயமும் குறைஞ்சுது. அடிபட்ட இதயம், அதனாலதான் தேறலைன்னு நாங்களும் அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்துட்டோம்."

ஐவி அம்மா வாங்கின் மறு முனையைப் பார்க்கவில்லை. "நான் இவளைப் பொலிஸ்ல பிடிச்சுக் கொடுக்கப் பார்த்தேன்," என்று தரையிடம் சொன்னார்.

றொசானா லோஜினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாலு வருஷம் ஒரே வீட்டுல இருந்தீங்க. அந்தத் தழும்பை நீங்க பார்த்திருப்பீங்க."

"மொத வாரமே பார்த்தேங்க."

"ஏன் கேட்கல?"

லோஜினி சேலை நுனியைச் சுருட்டினாள். "மொத சம்சாரம் செத்த துக்கத்துல கழுத்தை அறுத்துக்கிட்டாரு போலன்னு நெனச்சேன். கேட்டா அழுதுடுவாரு. அதான் எங்கிட்ட மறைக்கிறாரு, நானும் பார்க்காத மாதிரியே இருப்போம்னு இருந்துட்டேன். வெயில் காலத்துல அவரு சட்டைப் பொத்தானைப் பூட்டினா, நான் வேற பக்கம் பார்த்துக்குவேன்."

விஜிதரனுக்கு நாக்கு நுனியில் ஒரு பகடி வந்தது. அதை விழுங்கிவிட்டான். விழுங்கியது கஞ்சியை விடக் கடினமாக இருந்தது.

"இப்ப மாத்திரையைக் கொடுத்தா எழும்பிடுவாரா, டாக்டர்?" என்று கேட்டாள் லோஜினி.

"மெதுவாத்தான் போகணும். கன்றின இதயம். ஒரேயடியா கொடுத்தா தாங்காது. சின்ன அளவுல தொடங்கி, நாடியைப் பார்த்துப் பார்த்து ஏத்துவேன். முதல் மூணு நாள் எனக்கே பயம்தான், பொய் சொல்ல மாட்டேன்." அவர் றொசானாவிடம் திரும்பினார். "அடிபட்ட இதயத்துக்கு இந்த ஹார்மோனையே மருந்தா கொடுத்துப் பார்க்கலாமான்னு வெளிநாட்டுல ஆராயுறாங்க. முடிவு இன்னும் வரல. இவரு விஷயத்துல அதுக்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்ல. இவருக்கு இது இல்லாமப் போனதுதான் வியாதியே."

மறுநாள் ரத்தப் பரிசோதனையும் கிளினிக் அட்டை சொன்னதையே சொன்னது. சின்ன அளவு மாத்திரை ஆரம்பித்தது. இரண்டாம் நாள் இரவு ஒரு தடவை நாடி தடுமாறியது என்றார்கள். லோஜினி காலை வரைக்கும் வாங்கை விட்டு நகரவில்லை. நாலாம் நாள் கை சூடானது. ஆறாம் நாள் முக வீக்கம் இறங்கியது. பத்தாம் நாள் எடுத்த ஸ்கேனில் இதயம் பாதியைத் தாண்டி வேலை செய்வதாக டாக்டர் சுதர்ஷினி சொன்னபோது, அவர் முகத்தில்தான் முதலில் சிரிப்பு வந்தது.

றொசானாவும் விஜிதரனும் அன்று நோயாளி பார்க்கிற நேரத்தில் போனார்கள். யேசுரட்ணம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பட்டை இல்லை, கைக்குட்டையும் இல்லை. கட்டிலின் ஒரு பக்கம் லோஜினி, மறு பக்கம் ஐவி அம்மா. அவர்கள் இருவரும் இன்னும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளத் தொடங்கவில்லை. எல்லாப் பேச்சும் யேசுரட்ணத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

"இனிமே உங்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன்," என்று அவர் லோஜினியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏதாவது பாக்கி இருந்தா இப்பவே சொல்லிடுங்க," என்றாள் அவள். "இந்த மிஸ் மறுபடி ஓட்டோ ஏறி வந்து கண்டுபிடிக்க வேண்டாம்."

யேசுரட்ணம் கூரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். நெடுநேரம் யோசித்தார்.

"ஒண்ணு இருக்கு. அக்கா போடுற மீன் கட்லட். எனக்குச் சின்ன வயசுலேருந்து புடிக்காது."

ஐவி அம்மா மடியில் ஒரு பெட்டியை வைத்திருந்தார். அதில் என்ன இருக்கிறது என்று வாட்டில் எல்லோருக்கும் மணத்திலேயே தெரிந்திருந்தது. அவர் மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

"நாப்பத்தஞ்சு வருஷமா தின்னியேடா."

"உங்க மனசு நோகும்னு தின்னேன்."

விஜிதரன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. றொசானா அவன் காலை மிதித்தாள்.

அப்போதுதான் லோஜினி கையை நீட்டினாள். கட்டிலுக்குக் குறுக்கே, யேசுரட்ணத்தின் கால்களுக்கு மேலாக.

"எனக்குக் கொடுங்க, மதினி. நாலு வருஷத்துல எனக்கு நீங்க ஒண்ணுகூடக் கொடுத்ததில்ல. எனக்குப் புடிக்குமா புடிக்காதான்னு எனக்கே தெரியாது."

ஐவி அம்மா அந்தக் கையைப் பார்த்தார். அவரை அவள் மதினி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் மூடியைத் திறந்தார். ஒன்றை எடுத்து, தாளில் வைத்து, சூடு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக் கொடுத்தார்.

லோஜினி கடித்தாள். மென்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"மிளகு கொஞ்சம் தூக்கல்," என்றாள். "இன்னொண்ணு கொடுங்க."